விறகு வாயுக் கொதிகலனில் மின்னணுக் கட்டுப்பாடு

உலர்ந்த விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறிவிடும். கரியாகத் தங்குவது எஞ்சிய ஒரு பங்குதான். முதலில் ஈரம் போகிறது. வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரத்தின் நார்ப்பொருள்கள் சிதையத் தொடங்குகின்றன. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மீத்தேனும், குளிர்ந்தால் தாராகப் படியக்கூடிய கனத்த ஆவிகளும் கலந்து கிளம்புகின்றன. இவை எரிந்தால் சுடர். எரியாமல் தப்பினால் புகை. சாதாரண விறகடுப்பில் இந்த வாயுக்கள் பிறக்கும் இடம் குளிர்ந்த விறகுக்கும் குளிர்ந்த சுவருக்கும் நடுவே இருப்பதால், அவற்றில் ஒரு பகுதி தீப்பிடிக்காமலே புகைபோக்கியில் ஏறிவிடுகிறது. ஊர்க்காற்றைக் கெடுக்கும் அந்தப் புகை, வீட்டுக்காரர் வெட்டிப் பிளந்து உலர்த்தி வைத்த எரிபொருளேதான்.

இந்த இழப்பைத் தடுக்க உருவானது விறகு வாயுக் கொதிகலன். ஆஸ்திரியா, ஜெர்மனி, செக் குடியரசு போன்ற குளிர்நாடுகளில் வெந்நீரைக் குழாய்வழி எல்லா அறைகளுக்கும் அனுப்பி வீட்டைச் சூடாக்குகிறார்கள். அந்த நீரைக் காய்ச்சும் கொதிகலன் பெரும்பாலும் நிலவறையில் நிற்கும். வாயுக் கொதிகலனுக்கு உள்ளே இரண்டு அறைகள். மேலறையில் அரை மீட்டர் நீளப் பிளவு விறகு அடுக்கப்படுகிறது. அதன் அடித்தளத்தில், தீயைத் தாங்கும் கல்லில் ஒரு துளை. வெளிவாசலில் உள்ள மின்விசிறி உறிஞ்ச, மேலறையில் பிறக்கும் வாயு தணல்படுக்கை வழியாகக் கீழ்நோக்கி இறங்கி அந்தத் துளையில் புகுகிறது. அங்கே புதிய காற்றுடன் கலந்து கீழறையில் 1000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிகிறது. பிறகு நீர் சூழ்ந்த குழாய்களில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, 150 டிகிரி அளவில் புகைபோக்கிக்குச் செல்கிறது. மேலறைக்கு விடும் காற்று முதன்மைக் காற்று; துளையருகே விடுவது இரண்டாம் காற்று. எவ்வளவு வாயு பிறக்க வேண்டும் என்பதை முதலாவதும், பிறந்த வாயு முழுதாக எரிகிறதா என்பதை இரண்டாவதும் தீர்மானிக்கின்றன.

தணல் வழியே வாயுவைக் கீழ்நோக்கி இழுப்பது பழைய உத்தி. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பெர் 1920-களில் மோட்டார் வண்டிகளுக்காக இத்தகைய வாயு உலையை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத ஐரோப்பாவில் பல லட்சம் வண்டிகள் விறகு வாயுவில் ஓடின. அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்துச் சாலைகளில் ஓடிய கரிவாயு பஸ்களைப் பழைய தலைமுறை நன்கு அறியும். வண்டிக்கு வாயுவைக் குளிர்வித்து, தூசும் தாரும் நீக்கி, எஞ்சினுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கொதிகலனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பிறந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் வாயுவை எரித்துவிடலாம். தாரும் சேர்ந்தே எரியும்.

எரிவது எவ்வளவு முழுமையாக எரிகிறது என்பது காற்றின் அளவைப் பொறுத்தது. ஒரு கிலோ உலர் விறகு எரியக் கணக்குப்படி ஏறத்தாழ 6 கிலோ காற்று போதும். ஆனால் உலைக்குள் வாயுவும் காற்றும் ஒருபோதும் முழுதாகக் கலப்பதில்லை. எனவே சற்றுக் கூடுதலாகவே விட வேண்டும். கொடுத்த காற்றைத் தேவையான காற்றால் வகுத்து வரும் எண்ணை லாம்டா என்கிறார்கள். லாம்டா 1.4 என்றால் தேவைக்கு மேல் 40 சதவீதம் காற்று; அப்போது வெளியேறும் புகைவாயுவில் 6 சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் கார்பன் மோனாக்சைடு சட்டென்று உயர்வதை எவரும் எதிர்பார்ப்பார்கள். காற்றைக் கூட்டிக்கொண்டே போனாலும் அது மீண்டும் உயர்கிறது, ஏனென்றால் மிகுதிக் காற்று சுடரைக் குளிர்வித்து எரிதலைப் பாதியில் நிறுத்துகிறது. அந்த மிகுதிக் காற்று வீட்டுக்குச் சேர வேண்டிய வெப்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தாமஸ் நுஸ்பாவுமர் வரைந்து காட்டிய கார்பன் மோனாக்சைடு–லாம்டா கோடு இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் படம். இரண்டு பக்கமும் ஏறி நடுவில் தாழும் அந்தக் கோட்டின் அடிப்பகுதி குறுகலானது. அங்கேயே தீயை நிறுத்தி வைப்பதுதான் கட்டுப்பாட்டின் முழு வேலையும்.

எண்ணெய் அடுப்பிலோ எரிவாயு அடுப்பிலோ இது எளிது. எரிபொருள் சீராக வருகிறது. ஒருமுறை சரிசெய்த காற்று நெடுநாள் பொருந்தும். விறகுக் கொதிகலனில் ஒரே சுமை மணிக்கணக்கில் எரிகிறது, நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. தொடக்கத்தில் ஈரமும் குளிர்ந்த கல்லும். பிறகு வாயு வெள்ளம். இறுதியில், வாயு ஏறத்தாழ ஓய்ந்து வெறும் கரி. இடையில் ஒரு கட்டை சரிந்தால் புதிய பரப்பு தீப்பிடித்து வாயு திடீரெனப் பெருகும். ஒரு சுமையில் பீச் மரம், அடுத்ததில் ஸ்ப்ரூஸ். வெளியே குளிர் கூடினால் புகைபோக்கியின் இழுவையும் கூடும். கையால் திருகி வைத்த காற்றுத் திறப்பு இத்தனை நிலைகளில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் பொருந்தும்; மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் தவறிக்கொண்டே இருக்கும்.

மிஞ்சும் ஆக்சிஜனை ஓயாமல் அளந்து சொல்லும் கருவி கிடைத்த பிறகே இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது. லாம்டா உணரி கார்களுக்காகப் பிறந்த பொருள். போஷ் நிறுவனம் செய்த உணரியை வால்வோ 1976-ல் அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பொருத்தியது. அதன் உள்ளே சிர்கோனியம் ஆக்சைடு என்னும் பீங்கான். இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் படலம். ஒரு பக்கத்தை வெளிக்காற்று தொடுகிறது, மறுபக்கத்தைப் புகைவாயு. சில நூறு டிகிரி சூட்டில் இந்தப் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்கும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதன் அளவைக் கணிக்கும் விதியை ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் 1889-லேயே வகுத்திருந்தார். அவர் பின்னர் ஒளிவிளக்கில் ஒளிரும் இழையாகப் பயன்படுத்தியதும் இட்ரியம் சேர்த்த சிர்கோனியம் ஆக்சைடுதான்.

காருக்கும் கொதிகலனுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பெட்ரோல் எஞ்சின் லாம்டா 1-ஐ ஒட்டியே ஓட வேண்டும். அங்கே உணரியின் மின்னழுத்தம் பத்தில் ஒரு வோல்ட்டிலிருந்து முக்கால் வோல்ட்டுக்கு மேல் ஒரே தாவலாகத் தாவுகிறது. தாவியதா இல்லையா என்று பார்த்தால் போதும். விறகுத் தீயோ எப்போதும் மிகுதிக் காற்றில் எரிகிறது. அந்தப் பகுதியில் தாவல் இல்லை, மெல்லிய சரிவு மட்டுமே. நெர்ன்ஸ்ட் விதிப்படி கணக்கிட்டால், 700 டிகிரிச் சூட்டில் 6 சதவீத ஆக்சிஜனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 26 மில்லிவோல்ட். அதை ஒட்டி ஆக்சிஜன் ஒரு சதவீதம் மாறினால் மின்னழுத்தம் மாறுவது சுமார் 3.5 மில்லிவோல்ட். கம்பி இணைப்பில் சிறிது துரு, பீங்கானின் சூட்டில் சிறிது மாற்றம், பழசாகிவிட்ட பிளாட்டினம் ஆகிய ஒவ்வொன்றும் இந்த அளவு பிழையை உண்டாக்க வல்லது. அதனால்தான் உணரிக்குள்ளேயே ஒரு மின்சூடேற்றி இருக்கிறது. பீங்கானின் சூடு புகைவாயுவின் சூட்டோடு ஏறி இறங்காமல் அது காக்கிறது. தீ அணைந்து உலையில் வெறும் காற்று நிறைந்திருக்கும்போது, 21 சதவீத ஆக்சிஜனுக்கு உணரி ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, மற்ற அளவுகளிலிருந்து கழித்துவிடலாம். இந்த எளிய அளவுத்திருத்தத்தைச் செய்யாமல் விட்ட கொதிகலன், எத்தனை நுட்பமான நிரல் இருந்தாலும், தவறான இடத்தில் மிகத் துல்லியமாக நின்றுகொண்டிருக்கும்.

மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் இந்தத் தொழில் அடர்த்தியாக வளர்ந்தது. கிரீஸ்கிர்ஷனில் ஃப்ரோலிங், பாயர்பாக்கில் குன்டமாட்டிக், ஹோஃப்கிர்ஷனில் ஏட்டா என ஒன்றுக்கொன்று அருகிலுள்ள சிற்றூர்களிலேயே பெயர்பெற்ற கொதிகலன் நிறுவனங்கள் இருக்கின்றன. ஃப்ரோலிங் தன் கட்டுப்பாட்டுக் கருவிக்கு லாம்டாட்ரானிக் என்றே பெயர் வைத்தது. எல்லாக் கருவிகளின் அடிப்படையும் ஏறத்தாழ ஒன்று: அளப்பதற்கு லாம்டா உணரி, புகைவாயு வெப்பமானி, கொதிகலன் நீரின் வெப்பமானி, செயல்படுவதற்கு வேகம் மாற்றக்கூடிய விசிறி, முதன்மைக் காற்றுக்கு ஒரு மோட்டார் மடல், இரண்டாம் காற்றுக்கு இன்னொன்று, நடுவே ஒரு நுண்செயலி. நீர் எவ்வளவு சூடாக வேண்டும், புகைவாயு எந்தச் சூட்டில் போக வேண்டும் என்பதைப் பார்த்து விசிறியும் முதன்மைக் காற்றும் தீயின் வலிமையை அமைக்கின்றன. மிஞ்சும் ஆக்சிஜன் குறிப்பிட்ட அளவில் நிற்குமாறு இரண்டாம் காற்று நுணுக்கமாகத் திறந்து மூடுகிறது.

சொல்வதற்கு எளிதான இந்தப் பிரிவினை நடைமுறையில் அவ்வளவு தூய்மையானதில்லை. இரண்டு மடல்களுக்கும் ஒரே விசிறிதான் இழுவை. இரண்டாம் மடலை அகலத் திறந்தால் முதன்மை வழியே வரும் காற்று குறையும்; வாயு பிறப்பதும் குறையும்; ஆக்சிஜன் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறும். முதன்மைக் காற்றைக் கூட்டியதன் பலனோ உடனே தெரியாது. தணல் சூடேறி, அதன் மேலுள்ள விறகு சூடேறி, அதன்பிறகே வாயு பெருகும். தாமதத்தை மறந்து அவசரமாகத் திருத்தும் கட்டுப்பாடு, ஒருமுறை மிகுந்தும் ஒருமுறை குறைந்தும் ஊசலாடத் தொடங்கிவிடும். நல்ல நிரல் பொறுமையாக இருக்கிறது: இரண்டாம் காற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை சிறிது அசைக்கும், முதன்மைக் காற்றை மெதுவாக நகர்த்தும். கிராட்ஸ் நகரத்து உயிரி ஆற்றல் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, உலைக்குள் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதி, விளைவை முன்கூட்டியே கணித்துக் காற்றை அமைக்கும் முறைகளை வளர்த்திருக்கிறார்கள்.

ஒரு சுமை எரியும் காலம் முழுவதற்கும் ஒரே விதி பொருந்தாது என்பதால், கருவி தீயின் பருவத்தை அறிந்திருக்க வேண்டும். பற்றவைக்கும்போது கல் குளிர்ந்திருக்கிறது. துளையில் புகும் வாயு எரியும் அளவுக்குச் சூடில்லை. அப்போது விசிறி வேகமாகச் சுழல, முதன்மைக் காற்று அகலத் திறந்து தணல் உருவாக்கப்படுகிறது. இந்த முதல் கால் மணி நேரத்தில்தான் அதிகப் புகை வரும். ஐரோப்பாவின் ஈ.என். 303-5 தரநிலைச் சோதனையில் கையால் விறகிடும் கொதிகலனைத் தணல்படுக்கை அமைந்த பிறகே அளக்கிறார்கள். எனவே பற்றவைப்பின் புகை சான்றிதழில் வருவதில்லை. வீட்டில் நாள்தோறும் பற்றவைக்கும் குடும்பத்துக்கும் அவர்களின் அண்டை வீட்டாருக்கும் அந்தப் புகை உண்மையானது. வேகமாகவும் சீராகவும் தீயைப் பிடிக்கவைக்கும் நிரலின் மதிப்பை, சான்றிதழ் எண்களைக் கொண்டு அறிய முடியாது.

தீ நிலைபெற்றதும் ஆக்சிஜன் கட்டுப்பாடு முழுமையாகப் பொறுப்பேற்கிறது. நடுவே விறகு துளைக்கு மேல் பாலம்போல் சிக்கிக்கொள்வதுண்டு. கீழே உள்ளது எரிந்து தீர்ந்து ஒரு குகை உண்டாகும், மேலே விறகு இறங்காது. வாயு குறைந்து ஆக்சிஜன் ஏறுகிறது. உணரி காட்டுவது அந்த ஏற்றத்தை மட்டும். காரணத்தை அது சொல்வதில்லை. விறகு தீர்ந்தாலும் இதே அறிகுறிதான். புகைவாயுவின் சூடு எவ்வளவு விரைவில் விழுகிறது, எவ்வளவு நேரம் எரிந்திருக்கிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் கருவி ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால், மேலறை பாதி நிறைந்திருக்கும்போதே தீ முடிந்துவிட்டது என்று அணைத்துவிடும். குட்டையான, நேரான துண்டுகளாக நெருக்கி அடுக்குவது இந்தக் கோளாறுக்கு எந்த நிரலையும்விட நல்ல மருந்து.

இறுதிப் பருவத்தில் கரி மட்டும் எரிகிறது. வாயு இல்லாததால் இரண்டாம் காற்று பெரும்பாலும் வீண். அது கல்லையும் நீரையும் குளிர்விக்கவே உதவும். கருவி அதை மூடி, விசிறியைத் தணித்து, ஆக்சிஜன் மிக உயர்ந்து புகைவாயுச் சூடும் விழுந்துவிட்டதும் எல்லா வழிகளையும் அடைக்கிறது. உலையில் சிறிது கங்கு காக்கப்படுகிறது. அடுத்த சுமை அதிலிருந்தே பற்றிக்கொள்ளும். இந்த அடைப்பு இல்லாத கொதிகலனில், தீ அணைந்த பின்னும் இரவு முழுவதும் புகைபோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ச்சிய நீர் கொதிகலனுக்குள்ளேயே குளிரும்.

லாம்டா உணரி ஆக்சிஜனை அளக்கிறது; எரியாத வாயுவை அளப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள உறவு உலைக்கு உலை, விறகுக்கு விறகு மாறும். ஈர விறகில் கார்பன் மோனாக்சைடு–லாம்டா கோட்டின் அடிப்பகுதி மேலேறி இடம் பெயர்கிறது. 6 சதவீதத்தில் உறுதியாக நிற்கும் கருவி அங்கே நல்ல தீயைக் காப்பதாகச் சொல்ல முடியாது. கதவுச் சுற்றிலுள்ள நார்க்கயிறு தேய்ந்து காற்று கசிந்தால், தீயில் சேராத ஆக்சிஜன் உணரிக்கு வந்து சேரும். காற்று அதிகம் என்று எண்ணிக் கருவி தீயை மூச்சுத்திணற வைக்கும். எரியாத வாயுக்களையே உணரும் கூட்டு உணரிகளும் சந்தையில் உள்ளன. அவை எந்த விறகுக்கும் உரிய அடிப்பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்க வழி தருகின்றன. விலையும் ஆயுளும்தான் வீட்டுக் கொதிகலன்களில் அவை பரவத் தடை.

ஈரத்தின் கணக்கு கடுமையானது. 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் சுமார் 4 யூனிட், அதாவது 4 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. ஈரம் 40 சதவீதமானால் 3 யூனிட்கூடத் தேறாது. அதோடு தீயும் குளிர்ந்து கெடுகிறது. ஜெர்மன் சட்டம் உலர் எடையில் 25 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகை வீட்டுக் கொதிகலனில் எரிக்க அனுமதிப்பதில்லை. மொத்த எடையில் பார்த்தால் அதுவே 20 சதவீதம். பிளந்து, மழைபடாமல், காற்றோட்டமாக அடுக்கி, ஓரிரு கோடைகள் காத்திருந்தால்தான் அந்த நிலை வரும். எந்த மின்னணுக் கருவியும் அந்தக் காத்திருப்புக்கு ஈடாகாது.

மற்றொரு தேவை வெந்நீர்த் தொட்டி. 30 கிலோவாட் கொதிகலன் உள்ள வீட்டுக்கு மிதமான குளிர்நாளில் 3 கிலோவாட் போதும். தொட்டி இல்லையென்றால் கருவிக்குத் தீயை அமுக்குவதைத் தவிர வழியில்லை; அமுக்கிய விறகு புகைந்து தாரைப் பொழியும். தொட்டி இருந்தால் தீ தன் முழு வலிமையில் எரிந்து முடியலாம். வீடு தனக்கு வேண்டியபோது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 40 கிலோ நல்ல விறகு, 90 சதவீதத் திறனில், 144 யூனிட் தரும். 2000 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றினால் அதில் அடங்குவது ஏறத்தாழ 128 யூனிட். மீதியை எரியும் நேரத்திலேயே வீடு எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் சட்டம் விறகறையின் ஒவ்வொரு லிட்டருக்கும் 12 லிட்டர் தொட்டியைக் கேட்கிறது. எப்படிப் பார்த்தாலும் கிலோவாட்டுக்கு 55 லிட்டருக்குக் குறையக் கூடாது. தொட்டியின் மேலும் கீழும் உள்ள வெப்பமானிகளைப் படித்து, அடுத்த முறை எவ்வளவு விறகு இட வேண்டும் என்று திரையில் காட்டும் கருவிகள் இப்போது உள்ளன. எரிதலைத் திருத்தும் நுட்பங்களுக்கு இணையான பயன் இந்த ஒற்றை வரிக்கு உண்டு. மறுபுறம், கொதிகலனுக்குத் திரும்பி வரும் நீர் 55 முதல் 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்சுவரில் ஈரம் படிந்து இரும்பை அரிக்கும். அதைத் தடுக்கத் திரும்பும் நீரில் சூடான நீரைக் கலக்கும் வால்வும் பம்பும் கட்டாயம்.

இத்தனையும் பரவியதற்குச் சட்டம் பெரிய காரணம். ஜெர்மனியில் 1988-ன் விதிகள் 50 கிலோவாட் வரையான விறகுக் கொதிகலனுக்கு ஒரு கன மீட்டர் புகைவாயுவில் 4 கிராம் கார்பன் மோனாக்சைடை அனுமதித்தன. 2010-ல் அது 1 கிராமானது. 2017 முதல் நிறுவப்படும் விறகுக் கொதிகலனுக்கு 0.4 கிராம்தான், தூசு 0.02 கிராம். ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான சூழல் வடிவமைப்பு விதிகள் 2020 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தன. கையால் காற்றைத் திருகும் கொதிகலன் நல்ல நாளில், நல்ல விறகில் இந்த எல்லைகளை நெருங்கலாம். எல்லா நாளும் நெருங்குவது அரிது.

எளிய கொதிகலன்களைத் தள்ளிவிடவும் கூடாது. செக் நாட்டின் பெலா பாட் பெஸ்டேசெமில் செய்யப்படும் அட்மோஸ் கொதிகலன்கள் நீண்ட காலம் விசிறியும் கைத்திறப்பும் மட்டும் கொண்டு பல நாடுகளின் வீடுகளைச் சூடாக்கி வந்திருக்கின்றன. பெரிய தொட்டியும் உலர்ந்த விறகும் கவனமான கையும் உள்ள வீட்டில் அவை நன்றாகவே எரியும். கையில் உள்ள பணம் உணரிக்கோ தொட்டிக்கோ ஒன்றுக்கு மட்டும் போதுமானால், முதலில் தொட்டி வாங்குவதே சரி.

மின்சாரம் நின்றால் விசிறியும் பம்பும் நின்றுவிடும்; ஆனால் மேலறையில் கிலோக்கணக்கில் விறகு சூடாகக் கிடக்கிறது. இங்கே பாதுகாப்பை மின்னணுவிடம் ஒப்படைப்பதில்லை. நீர் 95 டிகிரியை எட்டியதும் தானே திறக்கும் இயந்திர வால்வு, குடிநீர்க் குழாயின் குளிர்நீரைக் கொதிகலனுக்குள் உள்ள தனிச்சுருளில் ஓடவிட்டு வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், நிரலும் வேண்டாம்.

கருவியைப் பராமரிப்பதில் வீட்டுக்காரரின் பங்கு சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது. வெப்பக் குழாய்களில் படிந்த சாம்பலை நெம்புகோலால் உதிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் புகைவாயுச் சூடு ஏறி, கருவி அதைத் தீயின் வலிமை என்று தவறாகப் படிக்கும். உணரியின் முனையில் படியும் நுண்சாம்பலை மென்மையாகத் துடைக்கலாம். சுரண்டினால் படலம் போய்விடும். ஆண்டுகள் செல்லச் செல்ல உணரி மந்தமாகும், மாற்றித்தான் ஆக வேண்டும். மின்சுற்றுப் பலகைக்குப் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் மாற்று கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இரும்புக் கலன் அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கிப் பணியாளர் தம் சொந்த அளவுகருவியோடு வந்து புகைவாயுவைச் சோதிக்கிறார். அவர் அளக்கும் ஆக்சிஜனும் கொதிகலனின் திரை காட்டும் ஆக்சிஜனும் ஒத்துப்போகின்றனவா என்று அப்போது ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும், அதன்பிறகும் விலகினால் உணரியை மாற்ற வேண்டும்.